இரண்டு விரலில் போன ஆறு வருஷம்

மத்தேத்தே பகுதிச் சபைக்குப் புதிதாக வந்த வாத்தியக்காரன் லுக்கோக்கியைப் பார்த்ததுமே கப்பிங்காவுக்குப் பிடிக்கவில்லை. கூரைத் தகரம் கொதிக்கிற மத்தியானத்தில் கோட்டுப் போட்டிருந்தான். கீபோர்டு முன்னால் உட்காருவதற்கு முன் ஸ்டூலைக் கைக்குட்டையால் துடைத்தான். அதில் ஆறு வருஷமாக உட்கார்ந்தவள் அவள்.

லுக்கோக்கி பாஸ்டர் மனைவியின் தம்பி. பாரிஸில் எட்டு மாதம் இருந்துவிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றோடு கின்ஷாசாவுக்குத் திரும்பியிருந்தான்.

சனிக்கிழமை ஒத்திகையில் அவன் கீபோர்டின் சின்னத் திரையை உருட்டிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான்.

"'மழைத் தகரம்', 'பிலோண்டா அழுகை', 'சீக்கிரம் ஆடு'... என்னக்கா இது? சந்தையில மீன் விக்கிறவங்க நோட்டா?"

எல்லாம் அவள் வைத்த பெயர்கள். கிட்டார் ஒலியில் கொஞ்சம் கரகரப்பு ஏற்றி, தாளத்தை ஒரு நூல் முன்னே தள்ளி, பாடகர் குழுத் தலைவி பிலோண்டா அம்மாவின் தொண்டைக்கு ஏற்ற சுருதியில் நிறுத்தி, ஒவ்வொன்றாகச் சேமித்தவை. மொத்தம் அறுபத்து நான்கு.

"அது பாட்டுக்கு இருக்கட்டும். தொடாதீங்க," என்றாள் கப்பிங்கா.

"ரொம்பக் குப்பை சேர்ந்து போச்சுக்கா. அங்கெல்லாம் சுத்தமான மெஷின்லதான் வாசிப்போம்." கீபோர்டை அணைத்தான். இரண்டு பட்டன்களை அழுத்திப் பிடித்தபடி மறுபடியும் போட்டான். திரை ஒரு தரம் சிமிட்டியது. கடையில் வாங்கின அன்று இருந்த மாதிரி வந்து நின்றது.

"பேக்கப் எடுத்தீங்களா?"

"எதுக்கு? குப்பைக்கா?"

சாக்கடை ஓரத்துத் தவளையைப் பார்ப்பது போல அவனைப் பார்த்தாள். அழவில்லை, கத்தவுமில்லை. மாதம் தவறாமல் எல்லாவற்றையும் நகல் எடுத்து வைத்த பென்டிரைவ் அவள் கைப்பையில் இருந்தது. இவனிடம் அதைச் சொல்வதே கேவலம் என்று பட்டது.

ஞாயிறு ஆராதனையில் முதல் பாட்டு எப்படியோ ஓடியது. இரண்டாவதில் எல்லாரும் எழுந்து ஆடுகிற செபென் பகுதி வந்தது. லுக்கோக்கி ஏதோ அழுத்த, போனில் ஆளைக் காக்க வைக்கும்போது வருமே, அப்படி ஒரு இசை கிளம்பியது. தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஜனங்கள் நின்றார்கள். பிலோண்டா அம்மா பாட்டையே நிறுத்திவிட்டு மைக்கிலேயே கேட்டாள்: "தம்பி, நாங்க ஆடணுமா, லைன்ல காத்திருக்கணுமா?"

சபை சிரிப்பில் குலுங்கியது. பாஸ்டர் மூன்றாம் வரிசையைப் பார்த்துக் கண்ஜாடை காட்டினார். கப்பிங்கா அவசரமில்லாமல் எழுந்து போய்ப் பென்டிரைவைச் செருகினாள்.

"எவ்வளவு நேரமாகும்?" லுக்கோக்கிக்கு வியர்த்துக் கொட்டியது.

"ரெண்டு நிமிஷம். அதுவரைக்கும் எதையும் அமுக்காம இருக்க முடியுமா உங்களால?"

அவன் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான். திரையில் பெயர்கள் திரும்பி வந்தன. அவள் 'சீக்கிரம் ஆடு'வைத் தட்டியதும் பின்வரிசைக் கிழவர்கள் வரை எழுந்துவிட்டார்கள்.

கடைசியில் பாஸ்டர் மேடை ஏறினார். "கீபோர்டில் பெரிய கோளாறு இருந்தது. நம் சகோதரன் லுக்கோக்கி தன் பாரிஸ் படிப்பால் அதைச் சரி செய்தார். கைதட்டுங்கள்!"

லுக்கோக்கி தலை குனிந்து வணங்கினான்.

கப்பிங்காவுக்கு அதுவரை அவன் மேல் மட்டும்தான் இளக்காரம். இப்போது அது மேடை வரைக்கும் ஏறியது. பென்டிரைவைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். கீபோர்டில் இருந்ததை அழிக்கக்கூட மனம் வரவில்லை. அந்த ஆளுக்காக ஒரு விரலைத் தூக்குவானேன்?

அடுத்த வாரமே நகரத்தின் இன்னொரு பகுதியான லெம்பாவில் ஒரு சின்னச் சபையில் சேர்ந்தாள். அங்கேயும் அதே வகைக் கீபோர்டு.

பதினைந்தாம் நாள் பாஸ்டரின் மனைவி போன் செய்தாள். "கப்பிங்கா, தம்பிக்கு அந்த மெஷின்ல பியானோ சத்தம் எங்க இருக்குன்னு தெரியல. மறுபடியும் அந்த ரெண்டு பட்டனை அமுக்கிட்டான். எல்லாம் போச்சு. உன்கிட்ட இருக்கறதைக் கொஞ்சம் குடேன்."

"தர்றேன்மா. போன தடவை கீபோர்டைச் சரி பண்ணினது யாருன்னு பாஸ்டர் மேடையில சொல்லட்டும். அவ்வளவுதான்."

"அதெப்படி, சபை முன்னாடி அவர்..."

"அப்ப பாரிஸையே கேளுங்க," என்று வைத்துவிட்டாள்.

பாஸ்டர் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு காலை, லெம்பா சபையின் வாசலில் பிலோண்டா அம்மா வந்து இறங்கினாள். கூடவே பாடகர் குழுவில் நான்கு பெண்கள், சீருடைத் துணியோடு.

"அங்க இன்னும் லைன்லதான் வெச்சிருக்கான்டி. உள்ள வரலாமா?"

கப்பிங்கா சிரித்துக்கொண்டே ஸ்டூலை முன்னால் இழுத்தாள். "வாங்கம்மா. இன்னிக்குத் தொண்டை எப்படி இருக்கு?"