கூரையில் விழுந்த வளையங்கள்

போரின் இரண்டாம் ஆண்டில் தையல்காரியின் வீட்டுக் கூரை மேல் மட்டும் இரும்பு வளையங்கள் விழத் தொடங்கின. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், தொட்டால் சுடும். ஓடு மாற்றுகிறவர் சலிக்காமல் வந்து மாற்றிப் பார்த்துவிட்டு, "இது எனக்குக் கட்டுப்படி ஆகாதும்மா, தகரம் போட்டுடு" என்று கையை விரித்துவிட்டார். தகரம் போட்டாள். அதன்பின் ஒவ்வொரு வளையத்துக்கும் தெருவே தூக்கிவாரிப் போட்டு எழுந்தது.

முதலில் அவளும் நடுங்கித்தான் போனாள். ஒரு நாள் வளையத்தைத் துடைத்துப் பார்த்தபோது வெல்டிங் தழும்பு தெரிந்தது. முடிக்கும் இடத்தில் கையைச் சட்டென்று இடப்பக்கம் இழுப்பது அவள் கணவனின் பழக்கம். வீட்டு ஜன்னல் கம்பியிலும் அதே இழுப்பு இருந்தது. அவன் போர்முனையில் சங்கிலி டாங்கி ஓட்டினான். வண்டிக்கு முன்னால் சுழலும் உருளையில் கனத்த சங்கிலிகள் தொங்கும். அவை மண்ணை அடி அடியென்று அடித்துக்கொண்டே போகும். புதைத்த கண்ணிவெடி அந்த அடியில் வெடிக்கும், சங்கிலியின் நுனி வளையம் பிய்த்துக்கொண்டு பறக்கும். மாலையில் அவனே புது வளையத்தைப் பற்றவைப்பான். ஆக, கூரையில் விழுகிற ஒவ்வொரு வளையமும் அவன் காலடிக்கு வந்து சேராத ஒரு வெடி. இது புரிந்த பிறகு அவள் நிம்மதியாகத் தைத்தாள்.

ஒரு மழைக்காலத்தோடு வளையங்கள் நின்றுவிட்டன. பக்கத்து வீட்டுக்காரர் வாய் தவறி "அப்பாடா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். தகரத்தில் காக்கை உட்கார்ந்தாலும் அவள் வாசலுக்கு ஓடினாள். கட்டினவன் வண்டிக்கு முன்னால் ஒரு வெடியாவது வெடிக்கட்டும் என்று எவளாவது வேண்டிக்கொள்வாளா? அவள் வேண்டிக்கொண்டாள். வேண்டிவிட்டுத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

வெயில் ஏறிய ஒரு நண்பகலில் அவன் வந்து நின்றான். காது மந்தமாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். வாசலில் கிடந்த குவியலைப் பார்த்ததும் வாயைப் பிளந்தான். "அடக் கடவுளே, இதெல்லாம் இங்கயா கிடக்கு? நான் வித்துத் தின்னுட்டேன்னு பட்டாளத்து ஸ்டோர்காரர் இன்னமும் சாதிக்கிறாரு!"

அவள் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "மழைக்கு அப்புறம் ஏன் ஒண்ணுகூட வரல?" காதருகே கத்த வேண்டியிருந்தது.

"வெடி இருந்தாத்தானே வரும்? எதிரி 'கண்ணிவெடி'ன்னு எச்சரிக்கைப் பலகையை மட்டும் நட்டு வெச்சிட்டுப் போயிட்டான். பலகையைப் பார்த்தா எங்களுக்கு அடிக்காம இருக்க முடியுமா? மாசக்கணக்கா வெறும் மண்ணைப் போட்டு அடிச்சோம். ஒரு புழுகூட வெடிக்கல."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "பாவி மனுஷா, உனக்கு வெடி கேட்டு வேண்டிக்கிட்டேனே!" என்று அவன் முதுகில் நாலு சாத்து சாத்தினாள். புழுதி பறந்தது. மாதக்கணக்காக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் அன்றுதான் இறங்கியது.

அவன் வண்டி எதிர் வீட்டுப் பையன் கைக்குப் போயிருந்தது. சில நாளில் அந்த வீட்டு ஓடுகள் உடையத் தொடங்கின. பையனின் அம்மா சுடச்சுட ஒரு வளையத்தை முந்தானையில் ஏந்திக்கொண்டு தலைதெறிக்க ஓடிவந்தாள்.

"பயப்படாதீங்கக்கா," என்றாள் தையல்காரி. "சத்தம் கேட்டா உங்க புள்ள நல்லாருக்கான். கேக்கலைன்னாலும் நல்லாருக்கான்."

அன்றே கணவன் தகரத்தைக் கழற்றி எதிர் வீட்டுக் கூரையில் போட்டுக் கொடுத்தான். அடுத்த வளையம் விழுந்தபோது அந்த அம்மா அடுப்பை விட்டு நகரவில்லை.