எரிச்சல் இல்லை, குடைச்சல்

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11ஆம் நாள், செவ்வாய்க்கிழமை முற்பகலில், என் வலது காலின் பெருவிரல் எலும்பை வெட்டி, நேராக்கி, இரண்டு திருகாணிகள் வைத்து முடுக்கினார்கள். அந்த விரலின் அடிமூட்டு பல ஆண்டுகளாகப் பக்கவாட்டில் புடைத்து வளர்ந்திருந்தது. விரலோ பக்கத்து விரலின்மேல் ஏறிப் படுத்திருந்தது. எங்கள் அம்மாவின் கால் அப்படி. அம்மாவிடமிருந்து இந்த மாடி வீடும் ஒரு தையல் இயந்திரமும் எங்கள் இருவருக்கும் வந்தன, காலும் வந்தது.

எங்கள் இருவருக்கும் என்றால், எனக்கும் என் தங்கைக்கும். வீட்டு வழக்கில் நான் பெரியவள், அவள் சின்னவள். எனக்கு அறுபத்தெட்டு வயது. ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தி ஓய்வுபெற்றவள். சின்னவளுக்கு ஐம்பத்தொன்பது, சீருடை தைக்கும் பட்டறையில் துணி வெட்டுகிறாள். நீள மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே காகித அச்சைப் பரப்பி, மின்கத்தியை ஒரே சீராக ஓட்ட வேண்டும். அதை நின்றுகொண்டுதான் செய்ய முடியும். அவள் கால் என் காலைவிட மோசம். பிப்ரவரியில் ஒரு நாள் மூட்டு பிசகி மேசையோரமாகச் சரிந்தாள். கத்தி கோட்டை விட்டு ஓடிப்போய், ஓர் அடுக்குத் துணி முழுவதும் பாழாயிற்று. பட்டறை நடத்தும் அம்மாள் சத்தம் போடவில்லை.

"காலைச் சரி பண்ணிக்கிட்டு வாங்க. முடியலன்னா பொத்தான் தைக்கிற பக்கம் உக்காந்துக்குங்க," என்றார்.

சின்னவளுக்குச் சத்தம் போட்டிருந்தாலே தேவலை. பொத்தான் பக்கம் உட்காருவதென்றால், வெட்டும் மேசை அவளுக்கு இனி இல்லை என்று பொருள்.

ஆனாலும் அறுவைச் சிகிச்சைக்கு அவள் இசையவில்லை. வலிக்குப் பயந்தவள் என்று அவளைச் சொல்ல முடியாது. ஒருமுறை கட்டைவிரலைக் கத்தி பதம் பார்த்தபோது, துணிக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு அன்றைய வேலையை முடித்துவிட்டு வந்தவள். "கத்தி வலி தெரிஞ்ச வலி. இது எப்படிப்பட்டதுன்னே தெரியலையே," என்பாள். பிறகு ஒரு நாள், என் காலையும் தன் காலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீ முன்னாடி பண்ணிக்கோக்கா. நான் கூட இருந்து பாக்கறேன்," என்றாள்.

"என்னை வச்சுச் சோதனையா?"

"புதுத் துணி வந்தா ஓரத்துல ஒரு துண்டு வெட்டித் தண்ணியில போட்டுப் பாப்போம். சுருங்குதா, சாயம் போகுதான்னு. அப்புறந்தான் முழுத் துணியில கை வைப்போம். நீதான் அந்தத் துண்டு."

மருத்துவரிடம் இருவரும் சேர்ந்தே போனோம். "இதுக்கு இங்கிலீஷ்ல பனியன்னு பேரு," என்றார் அவர். "பனியனா? கை வச்சதா, கை வைக்காததா டாக்டர்?" என்று சின்னவள் கேட்டாள். மருத்துவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சின்னவளுக்கு மே 6ஆம் தேதியை ஒதுக்கி வைத்தார்; ஏப்ரல் 17க்குள் உறுதிசெய்யாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

ஆகவே என் கால் எப்படித் தேறுகிறது என்பதில்தான் சின்னவளின் மேசை இருந்தது. வீட்டுக்குத் திரும்பிய அன்று இதை நான் நன்கு அறிந்திருந்தேன்.

கணுக்காலில் போட்ட ஊசியால் பாதம் மரத்து, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன மூட்டைபோலக் கிடந்தது. நடந்தால் குதிகாலால் மட்டுமே நடக்க வேண்டும். அதற்கென்று முன்பகுதி தரையில் படாத ஒரு செருப்பும் இரண்டு ஊன்றுகோல்களும் கொடுத்திருந்தார்கள். படுத்தால் கால் நெஞ்சைவிட உயரத்தில் இருக்க வேண்டும். சின்னவள் பட்டறையிலிருந்து கெட்டியான பஞ்சுப் பலகை கொண்டுவந்து, சரிவாக வெட்டி, உறை தைத்து, எனக்கென்று ஒரு மேடை செய்தாள். உறையின் மூலைகள் அத்தனை சரியாகப் பொருந்தியிருந்தன. குறை இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், இல்லை.

"இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

அப்போது அது உண்மை. விளக்கேற்றும் நேரத்தில் ஊசியின் ஆட்சி முடிந்தது. "இப்ப?" என்றாள். "ஒண்ணுமில்ல," என்றேன். அது உண்மையன்று.

வலி வரும்வரை காத்திருக்காமல் வேளை தவறாமல் மாத்திரை போட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நான் வேறு கணக்குப் போட்டேன். மாத்திரை அட்டை காலியாவதைக் கண்டால் சின்னவள் மிரண்டுவிடுவாள். தூக்கத்துக்கென்று படுக்கும்போது மட்டும் ஒன்று போட்டேன். பகல் மாத்திரைகளைத் தொடவில்லை. அட்டையை மேசைமேல், அவள் வேலையிலிருந்து வந்ததும் கண்ணில் படும் இடத்தில் வைத்தேன்.

கிடந்த இடத்திலிருந்து பார்க்கையில் வீடு வேறாகத் தெரிந்தது. இத்தனை ஆண்டுகள் நான் துடைத்த சாப்பாட்டு மேசையின் அடிப்பக்கத்தில், சின்னவள் சிறுவயதில் சுண்ணக்கட்டியால் வரைந்த சட்டைக்கழுத்து ஒன்று அழியாமல் இருந்தது. இன்னும் வியப்பாக இருந்தது என் கால்தான். கட்டுக்கு வெளியே எட்டிப்பார்த்த பெருவிரல் முதலில் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. பிறகு பச்சை கலந்தது. பிறகு பழுத்த இலையின் மஞ்சள். அது நேராக நிற்பதை நான் அறுபது ஆண்டுகளில் கண்டதில்லை. வீட்டுக்கு வந்த புது விருந்தாளியைப்போல, யாரையும் இடிக்காமல், தனக்குரிய இடத்தில் அடக்கமாக இருந்தது.

சின்னவளின் ஆர்வத்துக்கோ எல்லையே இல்லை. கைப்பையை வைத்ததும் அளவுநாடாவை எடுத்துப் பாதத்தைச் சுற்றி வீக்கத்தை அளப்பாள். "கட்டுக்குள்ள ஒவ்வொரு விரலும் தனித்தனியாத் தெரியுதா, இல்ல எல்லாம் ஒரே கட்டையா?" "உள்ள இருக்கற ஆணி ஜில்லுன்னு இருக்குமா?" "தும்மினா அங்க தெரியுதா?" நான் பேச்சை மாற்றுவேன். வலி ஏறும்போது எனக்கு ஒரு வழி இருந்தது: அவளை எதையாவது அடுக்கச் சொல்வேன். "மூணாவது தட்டுல புத்தகமெல்லாம் கலைஞ்சிருக்கு பார்." "அந்தக் கரண்டியெல்லாம் ஒரே பக்கமா இருக்கட்டும்." அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு அடுக்கும் நேரத்தில், நான் போர்வையின் ஓரத்தைக் கையில் சுருட்டிக்கொள்வேன்.

தையல் பிரித்தார்கள். தழும்பு ஒழுங்காக ஆறியிருந்தது. அன்றே பயிற்சியும் சொல்லித்தந்தார்கள்: பெருவிரலைக் கையால் பிடித்து மெல்ல மேலே வளைக்க வேண்டும், பிறகு கீழே மடக்க வேண்டும், நாள்தோறும் பல வேளை. மாத்திரை போட்டு அரைமணி கழித்துச் செய்யுங்கள் என்றார்கள். நான் மாத்திரை இல்லாமலே தொடங்கினேன். முதல் தடவை விரலை அசைத்ததும் கண் இருண்டுவிட்டது. அதன்பின் பயிற்சி வேளைகளில் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்; மடக்கவில்லை. சின்னவள் கேட்டால், "ஆச்சு," என்பேன்.

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்தார். இளம்பெண், கூர்மையான கண்கள். சின்னவள் அன்று வேலைக்கு அரைநாள் போகாமல் பார்க்க நின்றாள். அந்தப் பெண் என் விரலைப் பிடித்து மேலே வளைத்தார். விரல் வரவில்லை. கீழே மடக்கினார். அதற்கும் வரவில்லை.

"தினமும் செய்றீங்களாம்மா?"

"செய்றேன்."

"செஞ்சிருந்தா இதுக்குள்ள பாதியாவது மடங்கணும். இப்படியே விட்டா மூட்டு இறுகிடும். அப்புறம் நடக்கறப்ப விரலை ஊன்றித் தள்ள முடியாது."

சின்னவளின் முகத்தைப் பார்த்தேன். அவள் என் காலைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஆபரேஷன் பண்ணினாலும் விரல் மடங்காது," என்றாள். "மடங்காத விரலை வச்சிக்கிட்டு நாள் முழுக்க எப்படி நிக்கறது? கோணலா இருந்தாலும் என் விரல் மடங்குது. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேன்." கைப்பைக்குள் தொலைபேசியைத் தேடினாள்.

அவளை மிரளவிடக் கூடாது என்று நான் மறைத்ததே அவளை மிரளச் செய்துவிட்டது.

"பொறுடி. ஆபரேஷன் நல்லாத்தான் செஞ்சிருக்காங்க. நான்தான் பயிற்சி சரியாச் செய்யல."

"ஏன் செய்யல?"

"சோம்பல்."

"யாரு, நீயா?" சின்னவள் பிசியோதெரபிஸ்ட் பக்கம் திரும்பினாள். "பாப்பா, பழைய பேப்பர் விக்கறதுக்குக்கூட தேதி வாரியா அடுக்கிக் கட்டுவாங்க எங்கக்கா. இவங்களுக்குச் சோம்பலாம்!"

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "வலிக்குதாம்மா? பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க."

"ரெண்டு."

எண் என்பது வசதியான பொருள். எதையும் சொல்லலாம், யாரும் சரிபார்க்க முடியாது. சின்னவள் தொலைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை மடக்குங்க பாப்பா," என்றாள்.

அந்தப் பெண் மடக்கினார். நான் அலமாரியைப் பார்த்தேன்.

"எரியுதாக்கா?"

"இல்ல."

"எரியுது. மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. நெருப்புல வச்சாப்பல எரியுது, மறைக்கறே."

"எரிச்சல் இல்லடி, குடைச்சல்!" என்றேன். "எரிச்சல்னா மேல்தோல்ல இருக்கும். இது உள்ள, எலும்புல துளை போடறாப்பல. எரிச்சலாம், எரிச்சல்! வாய்க்கு வந்ததைச் சொல்றதா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. பிசியோதெரபிஸ்ட் விரலை விட்டுவிட்டார். சின்னவள் வென்ற களிப்பைச் சிறிதும் காட்டவில்லை. துணியின் ஓட்டம் எந்தப் பக்கம் என்று விரலால் தடவிப் பார்க்கிறவளைப்போலத் தலையைச் சாய்த்தாள்.

"சரி, குடைச்சல். எப்பலேர்ந்து?"

"முதல் நாள் குடைச்சல் இல்ல. அன்னிக்கு விண்விண்ணுன்னு தெறிச்சுது, நாடி துடிக்கறாப்பல. குடைச்சல் ரெண்டு நாள் கழிச்சு வந்தது."

"தையல் போட்ட இடம்?"

"அங்க குத்தல். தையல் பிரிச்சப்புறம் அது போயிடுச்சு. இப்ப சாயங்காலம் ஆனா ஊறல் மட்டும்."

"காலைத் தொங்கப்போட்டா?"

"கடுக்கும். ரத்தம் இறங்கறது தெரியும், பாத்திரத்துல தண்ணி ரொம்பறாப்பல. தூக்கி வச்சா அஞ்சு நிமிஷத்துல அடங்கிடும்."

"மடக்கறப்ப?"

"முதல்ல சுரீர்னு ஒண்ணு. அப்புறம் இழுப்பு. இழுப்பைத் தாங்கிடலாம். அந்தச் சுரீரைத்தான்..." நிறுத்தினேன். "அதைத்தான் தாங்க முடியல."

"பகல் மாத்திரை?"

"போடல."

"தெரியும்," என்றாள் சின்னவள். "நீ அலமாரியை அடுக்கச் சொல்றப்பல்லாம் எனக்குத் தெரியும். கரண்டிய நாலு தடவை அடுக்கியாச்சு. எவ்வளவு வலிக்குதுன்னு தெரிஞ்சுது. எப்படி வலிக்குதுன்னுதான் தெரியல. இவ்வளவு கல்லு மாதிரி இருக்கறவளே வாயை மூடிக்கிட்டுப் படறான்னா, அது ஏதோ சொல்லவே முடியாத வலின்னு நெனச்சேன். ராத்திரில்லாம் அதையேதான் நெனச்சிட்டிருந்தேன்."

பிசியோதெரபிஸ்ட் எழுந்து, மேசைமேல் இருந்த அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிரித்து என் கையில் வைத்தார். "போட்டுக்குங்கம்மா. நான் கீழ போய்ட்டு அரைமணில வரேன். வலியை அடக்கினாத்தான் விரலை மடக்க முடியும். பொறுத்துக்கறதுக்கு இங்க யாரும் மெடல் தர்றதில்ல."

அவர் திரும்பிவந்து மீண்டும் பிடித்தபோது, சுரீர் வந்தது. ஆனால் கதவுக்கு வெளியே நின்று அழைப்பதுபோல வந்தது. இழுப்பும் வந்தது. விரல் ஒரு நெல்மணி அளவு மேலே எழும்பியது. மூவரும் குனிந்து பார்த்தோம். கீழே மடக்கியபோது அதைவிடச் சற்று அதிகம் வந்தது. "வருதே!" என்று சின்னவள் என் தோளைத் தட்டினாள். எனக்கும் வியப்பு. இத்தனை நாளாக அது இறுகிவிட்டது என்று நான் உள்ளூர நம்பிவிட்டிருந்தேன்.

"மூட்டு இன்னும் போகல," என்றார் பிசியோதெரபிஸ்ட். "ஒழுங்காச் செஞ்சா வரும். தாமதமா வரும், அவ்வளவுதான்."

அவர் போனபின் சின்னவள் தன் காலை என் மேடைமேல் தூக்கி, என் காலுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவளுடைய விரல் சாய்ந்து கிடந்தது; என்னுடையது வீங்கி, நேராக நின்றது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துண்டு கொஞ்சம் சுருங்கிச்சு. ஆனா சாயம் போகல," என்றாள். பிறகு, "குடைச்சல்னா எனக்குத் தெரியும். பல்லு பிடுங்கறப்ப வந்திருக்கு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

முடிவானவை பின்வருமாறு. ஏப்ரல் 17ஆம் தேதி காலையில் சின்னவள் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி, மே 6 வேண்டாம் என்றும் ஜூன் 3 வேண்டும் என்றும் கேட்டாள், கொடுத்தார்கள். அதற்குள் என் விரல் எவ்வளவு மடங்குகிறது என்பதை அவள் தன் கையாலேயே மடக்கிப் பார்ப்பாள். அவளுக்கு முதலில் வலது கால் மட்டும். இடது காலைப் பற்றி அடுத்த ஆண்டு பேசலாம். பட்டறை அம்மாள் ஆகஸ்டு முடியும்வரை மேசையை வேறொரு பெண்ணிடம் தற்காலிகமாகக் கொடுப்பார். செப்டம்பரில் சின்னவள் நின்று வெட்டிக் காட்டினால் மேசை அவளுக்கே. அவள் படுக்கையில் இருக்கும் நாள்களில் நான் உடனிருந்து பார்த்துக்கொள்வேன். மாத்திரைகளை இப்போது நானும் பிறகு அவளும் மூன்று வேளையும் போடுவோம். வலிக்கும்போது வலிக்கிறது என்று சொல்வோம். எப்படி வலிக்கிறது என்பதையும் சொல்வோம். பஞ்சு மேடைக்கு அவள் ஒரு புது உறை தைத்துக்கொள்வாள்; பழைய உறையை நான் துவைத்து, மடித்து, மூன்றாம் தட்டில் வைத்துவிட்டேன்.