பதினெட்டு நொடி

...நான் இங்கே நேராகச் சர்வரில் கையால் தட்டினால் நோயாளியின் பதிவு உடனே வருகிறது, மருத்துவமனை கவுன்டரிலிருந்து கேட்டால் பதினெட்டு நொடி, அதே அட்டை எண், அதே நோயாளி, அதே சர்வர், பிறகு எதற்கு இந்த ஓரவஞ்சனை... இன்னொரு தடவை தட்டினேன், கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது, என்னைப் பார்த்தால் மட்டும் நல்ல பிள்ளை. மணி ஒன்பதரை. பதினொரு மணிக்கு மீட்டிங், அதில் சாமியாரை இந்த வேலையிலிருந்து எடுத்துவிடப் போகிறார்கள், எடுக்க வைத்ததே நான்தான், எடுங்கள் என்று சொல்லவில்லை, ஆனால் வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் மேலாளரிடம், "இவர் பழைய பதிவுகளைச் சேர்த்ததுலேர்ந்துதான் சார் மருத்துவமனை கவுன்டர் மெதுவாயிடுச்சு" என்றேன், அதற்குப் பிறகு வேறு என்ன சொல்ல வேண்டும்? சாமியார் என்பது நாங்கள் வைத்த பெயர், கோபமே வராது, சாப்பாட்டு நேரத்தில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், என்னைவிட இரண்டு வயதுதான் சின்னவர், அக்கா அக்கா என்பார். அன்றைக்கும் ஒன்றும் பேசவில்லை, பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். பேசாதவர் தப்பு செய்தவர் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அப்படியானால் இன்று காலை எட்டு மணிக்கே வந்து ஏன் தோண்டிக்கொண்டிருக்கிறேன்? கையால் தட்டினால் வேகமாக வருகிறதே, அதுதான் உறுத்துகிறது, பதிவுகள் கூடியதுதான் காரணம் என்றால் எனக்கும் மெதுவாகத்தானே வர வேண்டும்?

போன். மருத்துவமனை கவுன்டர் பெண். "மேடம், க்யூ வாசலத் தாண்டிப் போயிடுச்சு. ஒரு பெரியவர், ஏம்மா கம்ப்யூட்டர் தூங்குதா, தட்டி எழுப்பும்மாங்கறார். நான் என்ன சொல்றது?" எழுப்பிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லம்மா. சொன்னேன், சிரித்தாள், நான் சிரிக்கவில்லை. ஊகம் போதும், கவுன்டர் என்ன கேட்கிறது என்பதைக் கேட்கிறபடியே பார்த்துவிடுவது, சர்வருக்கு வருகிற கேள்விகளை அப்படியே காட்டும் திரையைத் திறந்தேன், அவள் அடுத்த நோயாளியின் எண்ணைத் தட்ட, கேள்வி வந்து விழுந்தது... எண் சரி, கட்டம் சரி, எண்ணுக்குப் பக்கத்தில் அதன் வகை... அட. அகல வகை, ஒரு எழுத்துக்கு இரண்டு எழுத்தின் இடம் பிடிப்பது. தூக்கிவாரிப் போட்டது. அட்டை எண் வெறும் ஆங்கில எழுத்தும் இலக்கமும், அதைக் குறுகிய வகையில்தான் சேமித்திருக்கிறோம், தமிழில் வரும் நோயாளி பெயருக்குத்தான் அகல வகை. குறுகியதாக இருப்பதை அகலமாகக் கேட்டால் சர்வர் என்ன செய்யும், பாவம், நாற்பது லட்சம் எண்களையும் ஒவ்வொன்றாக அகலமாக்கி ஒப்பிட்டுப் பார்க்கும், வரிசையாக அடுக்கிய அட்டவணை கையிலேயே இருந்தும் அதைத் தொடாது, பெயர் ஒட்டிய டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பார்ப்பது மாதிரி. நான் கையால் தட்டும்போது குறுகியதாகவே போகிறது, அதனால்தான் எனக்கு மட்டும் அவ்வளவு மரியாதை. ஆக, பழைய பதிவுகள் குற்றவாளி இல்லை. இந்த வியாதி முன்பே இருந்திருக்கிறது, பதிவுகள் குறைவாக இருந்தவரை வெளியே தெரியவில்லை, சாமியார் சேர்த்ததும் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

யார் அகலமாக அனுப்பச் சொன்னது? கவுன்டரிலிருந்து வரும் எல்லாக் கேள்விகளும் ஒரே வாசல் வழியாகத்தான் போகின்றன, அந்தப் பொதுக் கோப்பைத் திறந்தேன், நூற்றுப்பன்னிரண்டாவது வரி, எழுத்தாக வருவது எதுவானாலும் அகலமாகவே அனுப்பு என்கிறது, எந்த மடையன் எழுதியது என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு ஓரத்தில் பார்த்தேன். என் பெயர். ஆறு வருடம் முந்தைய தேதி. ஆமாம்... அன்றைக்குப் பிரசவ வார்டில் தாய்மார்களின் பெயரெல்லாம் கேள்விக்குறிகளாக வந்தது, எந்தக் குழந்தை எந்தக் கேள்விக்குறிக்கு என்று தெரியாமல் நர்ஸ் அழாத குறையாகப் பேசினாள், நான் இந்த ஒரு வரியைப் போட்டேன், பெயர்கள் தமிழில் வந்து நின்றன, மேலாளர் எழுந்து நின்று கை தட்டினார். எல்லாவற்றுக்கும் என்று போட்டிருக்க வேண்டியதில்லை, பெயருக்கு மட்டும் போட்டிருக்கலாம், அவசரம், அப்புறம் கைதட்டலில் மறந்தே போய்விட்டது. இப்போது சத்தமில்லாமல் மாற்றிவிட்டால் என்ன? சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்... சீ. வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் ஒரு ஆளின் தலையில் போட்டாயே, அதை எல்லோர் முன்னாலும்தான் இறக்க வேண்டும். முகம் எரிந்தது. எரியட்டும். முதலில் வேலை.

அட்டை எண்ணுக்குக் குறுகிய வகை, நீளம் பன்னிரண்டு, நீளத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு நீளத்துக்கும் சர்வர் புதிதாக யோசிக்க ஆரம்பிக்கும். பெயர் அகலமாகவே இருக்கட்டும், அதைத் தொட்டால் மறுபடியும் கேள்விக்குறிதான். எழுதி, இரண்டு முறை படித்து, சோதனைச் சர்வரில் வைத்துப் பார்க்கலாம் என்று போனால், அங்கே அந்தக் கோப்பு ஏற்கெனவே மாறியிருந்தது. குறுகிய வகை, நீளம் பன்னிரண்டு. கீழே அளந்து குறித்திருந்தது, முன்பு பதினெட்டு நொடி, பின்பு நொடியில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. சாமியாரின் கை. புதன்கிழமை மாலை. புதன்கிழமையே தெரியும், வெள்ளிக்கிழமை மூடியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்... ஏன்? அழுகை வருகிற மாதிரி இருந்தது, அழ நேரமில்லை. என்னுடையதை அழித்தேன். அவருடையதையே கவுன்டருக்கு அனுப்பினேன், அவர் பெயரோடு. ஐந்து நிமிடத்தில் கவுன்டர் பெண் கூப்பிட்டாள், "மேடம், பட்பட்டுனு வருது! பெரியவர் போயிட்டார், இல்லன்னா சொல்லியிருப்பேன்."

மீட்டிங்கில் மேலாளர் உட்காரும் முன்பே சொன்னேன், "சார், தப்பு என்னோடது. ஆறு வருஷம் முன்னாடி நான் போட்ட வரி. கண்டுபிடிச்சதும் சரி பண்ணதும் இவர். வெள்ளிக்கிழம நான் சொன்னது பொய்." பொய் என்ற சொல் கொஞ்சம் பெரிதாகத்தான் விழுந்தது, திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. மேலாளர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்து, "அப்ப இவரே தொடரட்டும்" என்று பக்கத்தைப் புரட்டினார், அவ்வளவு சுலபமாக முடிந்தது. வெளியே நடையில் அவரை நிறுத்தினேன். "புதன்கிழமையே தெரிஞ்சுதே, எங்கிட்ட ஏன் சொல்லல?" "வியாழக்கிழம வந்தேனேக்கா. உங்க சீட்டுக்கு." வந்தாரா? வியாழக்கிழமை... எவ்வளவு யோசித்தும் ஒன்றும் வரவில்லை. "நான் என்ன சொன்னேன்?" "ஒண்ணும் சொல்லல, கையக் காட்டினீங்க." காட்டியும் காண்பித்தார், கோபமில்லாமல், திரையிலிருந்து கண் எடுக்காதவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, உள்ளங்கையை மட்டும் உயர்த்தி... அந்தக் கையை நான் பார்த்திருக்கிறேன். என் ஏழு வயது மகள் அம்மா மாதிரி நடித்துக் காட்டும்போது அதைத்தான் செய்வாள், நானும் அவள் அப்பாவும் விழுந்து விழுந்து சிரிப்போம், அச்சு அசல் நான்தான் என்று... அவள் என்னிடம் என்னென்ன சொல்ல வந்து, அந்தக் கையைப் பார்த்துத் திரும்பிப் போயிருப்பாள்?