கையெழுத்துக்குப் பிறகு அழுத குழந்தை

வியாராவுக்குக் கர்ப்பத்தின் இருபத்து மூன்றாவது வாரத்திலேயே வலி எடுத்துவிட்டது. பிறக்கும் குழந்தைக்குச் செயற்கை சுவாசத்துக்கான குழாய் போட வேண்டாம் என்று அவரும் கணவர் ஸ்தாமெனும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பிழைப்பது அரிது, பிழைத்தாலும் ஊனம் இருக்கலாம் என்று அவர்களுக்கு விளக்கியதே நான்தான். பல்கேரியாவில், டான்யூப் நதிக் கரையோர ஊர் ஒன்றின் ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தைகளுக்கு நான் மருத்துவர். நன்றாகவே விளக்கியிருந்தேன்.

காலை பத்தேகாலுக்குப் பிறந்தது. ஐந்நூற்று நாற்பது கிராம். துணியில் சுற்றி அம்மாவின் மார்பில் வைப்பதுதான் என் வேலை. அது அழுதது. பூனைக்குட்டி தும்மியது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். என் கை குழாயை எடுத்தது. கையைச் சொல்வானேன், நான்தான் எடுத்தேன், போட்டேன்.

ஸ்தாமென் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். இன்குபேட்டரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"வேணாம்னுதானே எழுதிக் குடுத்தோம்? உங்களுக்குப் படிக்கத் தெரியாதா டாக்டர்?"

"அழுதுச்சு."

"நாங்களுந்தான் அழுதோம். எங்களுக்கு யாரும் குழாய் போடலையே."

மறுநாள் என்மேல் புகார் கொடுத்தார். ஆஸ்பத்திரி வக்கீல் கிரும் என்னைக் கூப்பிட்டார்.

"போட்டதுக்கு அவர் கேஸ் போடலாம். போடாம இருந்திருந்தா, உயிரோட பிறந்த குழந்தையை விட்டுட்டீங்கன்னு அரசாங்கம் கேஸ் போடலாம்."

"அப்ப நான் என்ன செஞ்சிருக்கணும்?"

"லீவுல இருந்திருக்கணும்."

ஆறாம் நாள் குழந்தையின் மூளையில் ரத்தம் கசிந்தது. பெரிய கசிவு. சுவாசக் கருவியை நிறுத்துவது பற்றி யோசிக்கலாம் என்று பெற்றோரிடம் சொன்னேன். அதற்குள் நெவேனா என்று பெயர் வைத்திருந்தார்கள். வியாரா தினமும் இன்குபேட்டருக்குள் கையை விட்டு அதன் பாதத்தை ஒரு விரலால் தொட்டபடி உட்கார்ந்திருப்பார். அப்போதும் கையை எடுக்காமலே கேட்டார்.

"ஆரம்பிக்கிறப்ப எங்களைக் கேக்கல. நிறுத்துறதுக்கு மட்டும் எதுக்குக் கேக்குறீங்க?"

நாளைக்குப் பேசலாம் என்றேன். நிறுத்தச் சட்டத்தில் இடமுண்டா என்று கிருமைக் கேட்டேன்.

"தெளிவா எதுவும் எழுதி வைக்கல. எழுதாததைச் செய்யாதீங்க."

நிறுத்தவில்லை. நூற்றுப் பதினேழாம் நாள் நெவேனா வீட்டுக்குப் போனாள். கால்களில் விறைப்பு, இடது கண்ணில் பார்வை குறைவு. நான் விளக்கிய பட்டியலில் இரண்டும் இருந்தன.

விசாரணை அக்டோபரில் நடந்தது. ஸ்தாமென் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். புகாரை வாபஸ் வாங்குகிறீர்களா என்று விசாரணைக் குழுவின் தலைவி கேட்டார்.

"எதுக்கு? இவங்க செஞ்சது தப்புதான்," என்றவர், "கொஞ்சம் இருங்க, இவளுக்குப் பசி," என்று பால்புட்டியை எடுத்தார். அவள் மெதுவாகத்தான் குடிப்பாள். குழு இருபது நிமிஷம் காத்திருந்தது.

எனக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை கொடுத்தார்கள். வெளியே வராந்தாவில் ஸ்தாமென் என்னை நிறுத்தினார்.

"இவளோட கால் பயிற்சிக்கு வாரத்துல ரெண்டு நாள் போதுமா?"

"மூணு. திங்கள், செவ்வாய், வியாழன்."

"வியாழக்கிழமை எனக்கு வேலை."

வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டோம்.