ஓடைக்கு அந்தப் பக்கம் ஏழு அடி

பிரிட்டன் முழுவதிலும் டன்னர்கில் என்ற குடும்பப் பெயரில் நூற்றுப் பதினான்கு பேர் இருக்கிறோம். எழுபத்தொரு பேர் இந்தப் பள்ளத்தாக்கில். இருபத்தாறு பேர் பர்ன்லியில். பஞ்சாலை வேலைக்கு இறங்கிப் போனவர்களின் வழி. மீதிப் பதினேழு பேர் அங்கொருவர் இங்கொருவராக.

எனக்கு இது மனப்பாடம். டன்னர்கில் குடும்பச் சங்கத்தின் வரைபடத்தில் குண்டூசி குத்துவது என் பொறுப்பு. பிழைப்புக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.

குண்டூசிகளில் இரண்டு நிறம். கறுப்புத் தலை முழு உறுப்பினருக்கு. வெள்ளைத் தலை இணை உறுப்பினருக்கு. சங்கத்தின் நான்காம் விதி இது: எந்தத் தலைமுறையிலாவது திருமணம் இல்லாமல் பிறந்தவர் ஒருவர் இருந்தால், அவர் வழி வந்தவர்கள் எல்லோரும் இணை உறுப்பினர்கள் மட்டுமே. அவர்கள் கூட்டத்துக்கு வரலாம். வாக்களிக்க முடியாது. குடும்ப நூலின் கடைசியில் 'ஏனையோர்' என்ற தலைப்பின் கீழ் அவர்கள் பெயர் வரும்.

வெள்ளைக் குண்டூசிகள் பதினொன்று. அதில் ஒன்று வில்ஃப்.

வில்ஃபின் பண்ணை என் வீட்டுக்கு மேலே, மலைச்சரிவில். நூற்றைம்பது ஆடுகள், ஒரு நாய், ஒரு கெட்ட முழங்கால். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் தாய் சாரா டன்னர்கில் கணவன் இல்லாமல் பிள்ளை பெற்றவள். அந்தப் பிள்ளை தாயின் பெயரையே எடுத்துக்கொண்டது. இருபத்திரண்டு வருடமாக வில்ஃப் சங்கத்தில் இருக்கிறார். கூட்டத்துக்கு முன் மேசைகளைத் தூக்கிப் போடுவதும் முடிந்ததும் தூக்கி அடுக்குவதும் அவர்தான். ஐந்து முறை முழு உறுப்பினராகச் சேர்க்கும்படி விண்ணப்பித்தார். ஐந்து முறையும் மறுத்தார்கள்.

இந்த வருடம் ஆறாவது விண்ணப்பம். குடும்ப நூல் இருபத்தைந்து வருடத்துக்கு ஒரு முறைதான் அச்சாகும். இந்த ஆண்டுக்கூட்டம் முடிந்ததும் அச்சுக்குப் போகிறது.

"அடுத்த புத்தகம் வரும்போது நான் சர்ச்சுக்குப் பின்னாடி படுத்திருப்பேன்," என்றார் வில்ஃப். "கல்லறைக் கல்லுலயும் 'ஏனையோர்'னு வெட்டிடுவாங்க போல."

சங்கத் தலைவர் லயனல் டன்னர்கில் லீட்ஸில் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பெயர் ஒரு நார்மன் வீரனோடு பிரான்சிலிருந்து கடல் கடந்து வந்தது என்பது அவர் கட்சி. அஞ்சலில் ஒரு சான்றிதழ் வரவழைத்து, அதில் இருந்த கேடயச் சின்னத்தைப் பெரிதாக வரையச் செய்து, ஊர் மன்றச் சுவரில் என் வரைபடத்துக்கு நேர் எதிரே மாட்டினார். மூன்று கொக்குகளும் ஒரு கோட்டையும். இந்தப் பள்ளத்தாக்கில் கோட்டை இருந்ததில்லை. கொக்கு எப்போதாவது வரும்.

எனக்கு என் குண்டூசிகள் மேல்தான் நம்பிக்கை. அரசனிடம் நிலம் பெற்ற வீரனின் பெயர் அவன் நிலங்களோடு நாலு மாவட்டத்துக்குப் போயிருக்கும். எங்கள் பெயர் டன்னர்கில் ஓடையின் இரண்டு கரையிலும் எறும்பு மொய்த்த மாதிரி நிற்கிறது. ஒரே வாசலில் தொடங்கிய பெயர்தான் இப்படி நிற்கும்.

பிப்ரவரியில் பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை. பேருந்து இல்லை. மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். மூன்றாம் நாள் அந்த வாசல் கிடைத்தது.

வருடம் 1731. எங்கள் ஊர் கெல்விக், ஓடைக்கு இந்தப் பக்கம். மார்பெக் அந்தப் பக்கம். இரண்டு ஊரும் நீதிபதிகள் முன் வழக்காடிய காகிதக் கட்டு அது. திருமணம் ஆகாதவளின் குழந்தை எந்த ஊர் மண்ணில் பிறக்கிறதோ, அந்த ஊர்தான் அதை வளர்க்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். ஆக்னஸ் என்று ஒரு பெண். எங்கிருந்தோ நடந்து வந்தவள். கெல்விக்கில் ஒரு வைக்கோல் கொட்டகையில் அவளுக்கு வலி எடுத்தது. ஊர்க்காவலரும் மூன்று ஆண்களும் கொட்டகைக் கதவைக் கழற்றி, அவளை அதில் கிடத்தித் தூக்கினார்கள். பனியில் ஒன்றரை மைல். ஓடைப் பாலத்தைத் தாண்டி, எல்லைக்கல்லைத் தாண்டி, ஏழு அடி தள்ளி இறக்கினார்கள். கதவை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்கள். குழந்தை அங்கே பிறந்தது.

ஏழு அடி என்று எப்படித் தெரியும்? அளந்தார்கள். அந்த நாலு பேரில் ஒருவன் சாட்சி சொல்லியிருக்கிறான். ஊர் எல்லை மறந்துபோகாமல் இருக்க வருடம் ஒரு முறை எல்லைக்கற்களைக் கழியால் அடிப்பார்கள்; அந்த எல்லை அடிக்கும் நாளில் சிறுவயதில் தன்னைத் தலைகீழாகப் பிடித்து அந்தக் கல்லில் முட்டினார்கள், அதனால் கல் நிற்கும் இடம் தனக்கு மறக்காது என்கிறான். அதில் அவனுக்குப் பெருமை.

ஒன்பதாம் நாள் ஆக்னஸ் இறந்தாள். வேறு பெயர் பதிவாகவில்லை. இரண்டு ஊரும் தங்கள் பெயரைக் குழந்தைக்குத் தர மறுத்தன. பாதிரியார் ஓடையின் பெயரை எழுதினார். தாமஸ் டன்னர்கில். வளர்ந்து கல்சுவர் அடுக்குபவனானான். ஐந்து மகன்கள். தலைமுறை தலைமுறையாக எண்ணிக்கொண்டே வந்தால் என் நூற்றுப் பதினான்கு குண்டூசிகளும் அவன் காலடியில் வந்து நிற்கின்றன. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

வீட்டுக்கு வந்து வில்ஃபிடம் சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்.

"கதவை எடுத்துட்டுப் போயிட்டாங்களா?"

"ஆமா."

"பனியில?"

"ஆமா."

"நம்ம ஊர்க்காரனுங்க," என்றார். காறித் துப்பினார்.

மே மாதத்தில் எல்லை அடிக்கும் நாளன்றுதான் சங்கத்தின் ஆண்டுக்கூட்டமும். காலையில் ஊரே தோல் உரித்த வில்லோ மரக் கழிகளோடு எல்லையைச் சுற்றி நடக்கும். ஒவ்வொரு கல்லையும் மூன்று முறை அடிக்கும். இப்போது யாரையும் தலைகீழாகப் பிடிப்பதில்லை. லயனல் புதுப் பூட்சு போட்டு வந்திருந்தார். பாலத்துக் கல்லருகே நின்று, எங்கள் முன்னோர் குதிரையில் இந்த ஓடையைக் கடந்திருப்பார்கள் என்று பர்ன்லிக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வில்ஃப் கல்லை அடிக்கவில்லை. அதற்கு ஏழு அடி தள்ளிப் போய்ப் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். இறுதிச்சடங்குக்குப் போடும் கறுப்புக் கோட்டு போட்டிருந்தார்.

மன்றத்தில் ஐம்பத்தெட்டு பேர். ஹாம் சாண்ட்விச், இஞ்சி கேக், பெரிய தேநீர்க் கொதிகலன். நான் எழுந்து காகிதத்தின் நகலைப் படித்தேன். ஐந்து நிமிடம் ஆனது.

படித்து முடித்ததும் மியூரியல் எழுந்தார். சங்கத்தின் செயலாளர். அவரிடம் கேடயச் சின்னம் பதித்த ஊக்கு இருக்கிறது.

"எங்கிருந்தோ வந்த ஒரு நாடோடிப் பொம்பளையக் கொண்டாந்து நம்ம தலையில கட்டப் பாக்கறியே ஈனிட். நல்லா இருக்கா இது?"

"தலையில கட்டினது நான் இல்ல மியூரியல். கெல்விக்காரங்க. அடுத்த ஊர் தலையில."

லயனல் தொண்டையைச் செருமினார். "சுவாரஸ்யமான காகிதம். உழைச்சிருக்கீங்க, நன்றி. ஆனா மேற்கொண்டு ஆராய வேண்டியிருக்கு. அதுவரைக்கும் குறிப்பேட்டுல ஏத்த வேண்டாம்."

"நார்மன் வீரனை எவ்வளவு நாள் ஆராய்ஞ்சீங்க?"

"ஈனிட், தயவுசெஞ்சு."

"அவன் சான்றிதழ் தபால்ல வந்த மறுநாளே சுவத்துல ஏறிடுச்சு. ஆக்னஸுக்கு மட்டும் ஆராய்ச்சி."

யாரோ சிரித்தார்கள். நான் நான்காம் விதியைப் படித்தேன். எல்லோருக்கும் தெரிந்த விதிதான். எந்தத் தலைமுறையிலாவது. தாமஸ் முதல் தலைமுறை.

"அப்படின்னா நாம எல்லாரும் இணை உறுப்பினர்தான்," என்றேன். "தலைவரும் சேர்த்து. இந்த மன்றத்துல ஓட்டுப் போட ஒருத்தருக்கும் உரிமை இல்ல."

கடைசி வரிசையில் பர்ன்லியிலிருந்து வந்த பருத்த மனிதர் ஒருவர் கேட்டார்: "அப்ப டீ யாரு ஊத்தறது?"

சிரிப்பு பெரிதாக எழுந்தது. ஒரு நிமிடம் நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். பர்ன்லிக்காரர்கள் வில்ஃபின் முதுகில் தட்டினார்கள். அவர் முகம் சிவந்திருந்தது.

லயனல் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். பிறகு நிதானமாகப் பேசினார். வங்கியில் கடன் மறுக்கும்போதும் இப்படித்தான் பேசியிருப்பார்.

"விதியில ஒரு சின்னத் தெளிவு தேவைப்படுது. பிறப்பை அரசாங்கம் பதிய ஆரம்பிச்சது 1837ல. அதுக்கு முந்தி நடந்தது எதையும் உறுதியாச் சொல்ல முடியாது. அதனால நான்காம் விதி 1837க்குப் பிறகு பிறந்தவங்களுக்கு மட்டும் பொருந்தும்னு ஒரு திருத்தம் வைக்கறேன்."

மியூரியல் வழிமொழிந்தார்.

சாராவின் மகன் பிறந்தது 1839இல். லயனலுக்கு அது தெரியும். வில்ஃபின் விண்ணப்பம் அவர் முன்னால் திறந்து கிடந்தது. தேதி முதல் வரியிலேயே இருந்தது.

"ரெண்டு வருஷம்," என்றார் வில்ஃப்.

"என்ன சொன்னீங்க?"

"ரெண்டு வருஷம் தள்ளிக் கோடு போட்டிருக்கீங்க. சரியா அளந்துதான் போட்டிருக்கீங்க."

"இது உங்களைப் பத்தினது இல்ல வில்ஃப். ஒரு நடைமுறை."

"அவங்களும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க. கதவைத் தூக்கிட்டுப் போன நாலு பேரும்."

"இணை உறுப்பினர்கள் விவாதத்துல பேசக் கூடாதுங்கறது உங்களுக்குத் தெரியும்."

வாக்கெடுப்பு நடந்தது. முப்பத்தெட்டு பேர் ஆதரவு. ஒன்பது பேர் எதிர்ப்பு. சற்று முன் சிரித்த பர்ன்லிக்காரர்களில் பாதிப் பேர் ஆதரவாகக் கை தூக்கினார்கள். நார்மன் வீரனைக் கைவிட மனம் வரவில்லை போலிருக்கிறது. பதினொரு இணை உறுப்பினர்களின் கைகள் முழங்கால்மேல் இருந்தன. வில்ஃபின் கைகளைப் பார்த்தேன். ஆடுகளுக்கு அடையாளம் போடும் மையின் கறை நகத்தில் படிந்த கைகள். அவை அசையவில்லை.

பிறகு அவருடைய விண்ணப்பத்தை எடுத்தார்கள். திருத்திய விதியின்படி மறுத்தார்கள். அதற்கு இரண்டு நிமிடம் ஆனது. அடுத்து கேக் செய்தவருக்கு நன்றி சொன்னார்கள்.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு வரைபடத்தின் முன் ஏறினேன். கறுப்புக் குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிஸ்கட் டப்பாவில் போட்டேன். லயனலின் லீட்ஸ் ஊசியை முதலில். என்னுடையதை இரண்டாவதாக. நூற்று மூன்று. ஒவ்வொன்றும் விழும்போது டப்பா சத்தம் போட்டது. பேச்சு குறைந்தது. லயனல் கையில் தட்டோடு வந்தார்.

"என்ன பண்றீங்க?"

"மேற்கொண்டு ஆராயணும்னு சொன்னீங்களே. அதுவரைக்கும் எடுத்து வைக்கறேன்."

"அது சங்கத்தோட வரைபடம்."

"வரைபடம் சங்கத்தோடது. குண்டூசி என்னோடது."

வெள்ளைக் குண்டூசிகள் பதினொன்று மட்டும் நின்றன. டப்பாவில் மிச்சமிருந்த வெள்ளை ஒன்றை எடுத்தேன். ஓடைப் பாலத்துக்கு அந்தப் பக்கம், கல்லை ஒட்டிக் குத்தினேன். அந்த அளவு வரைபடத்தில் ஏழு அடி காட்ட முடியாது. ஊசியின் தடிமனே ஐம்பது அடி வரும். வேறு வழியில்லை.

வில்ஃப் பின்னால் வந்து நின்றார். கையில் தொப்பி.

"இது அவளா?"

"ஆமா."

"வேற பேரு இல்லையா அவளுக்கு?"

"யாரும் கேக்கல வில்ஃப்."

தலையசைத்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். நானும் டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஆவணத்தின் நகலை அங்கேயே மேசைமேல் வைத்தேன், கேக்குக்குப் பக்கத்தில். மற்ற பத்து இணை உறுப்பினர்களில் நாலு பேர் எழுந்து வந்தார்கள். ஆறு பேர் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் ஊசி இருபது வருடம் கறுப்பாக இருந்தது.

"வில்ஃப்," என்று மியூரியல் கூப்பிட்டார். "மேசையெல்லாம் அடுக்கணுமே. நாலு மணிக்கு மன்றத்தைத் திருப்பிக் கொடுக்கணும்."

வில்ஃப் வாசலிலேயே நின்று திரும்பினார்.

"நான் விவாதத்துல பேசக் கூடாது மியூரியல்," என்றார்.

போய்விட்டார்.

அந்த மேசைகள் பழைய ஓக் மரம். ஒரு ஆளால் தூக்க முடியாது. நானும் வெளியே வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லயனல் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டு, ஒரு மேசையின் முனையைத் தூக்கினார். தூக்கிப் பிடித்தபடி, மறுமுனைக்கு ஆள் வருமா என்று சுற்றிலும் பார்த்தார்.