நூல் வைத்த பக்கம்

அந்தப் படப் புத்தகத்தை அடுப்பில் போட்டுவிடலாமா என்று ஒரு காலைப்பொழுது முழுக்க நினைத்திருந்தேன். போடாமல் விட்டதற்கு நான் புத்திசாலி என்று அர்த்தமில்லை. புத்தகம் அப்போது என் கையில் இல்லை, அவ்வளவுதான்.

வால்பாறை எஸ்டேட்டில் குமாஸ்தாவாக இருக்கும் என் அண்ணன் கொடுத்தது. மழைக்காட்டைப் பற்றிய இங்கிலீஷ் புத்தகம். பக்கத்துக்கு ஒரு வரி, மீதியெல்லாம் படம். வலங்கைமான் பக்கத்து ஊரில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளைகள் மலையைப் பார்த்ததில்லை. அவர்கள் பார்த்த உயரமெல்லாம் வைக்கோல் போர்தான். நம் காவேரி இந்த மாதிரிக் காட்டில்தான் பிறக்கிறாள், மரத்தை வெட்டினால் மழை போய்விடும் என்று சொல்லிக்கொடுக்க ஆசைப்பட்டேன்.

முதல் படத்தை விரித்ததுமே பொன்னுத்தாய் எழுந்தாள்.

"இது யாரு நெலம் டீச்சர்?"

எங்கள் ஊர்ப் பிள்ளை வேறு எதைக் கேட்கும்? நான் பெருமையாகச் சொன்னேன். "யாருக்கும் சொந்தமில்லம்மா. அங்க மழை தானாப் பெய்யும்."

பாதியில் மணி அடித்துவிட்டது. பொன்னுத்தாய் புத்தகத்தைக் கேட்டுக் கெஞ்சினாள். நிறுத்திய இடத்தில் ஒரு நூலை வைத்துக் கொடுத்தேன்.

"இதுக்கு மேல நாளைக்குத்தான். சரியா?"

மறுநாள் அவள் வரவில்லை. அவள் பக்கத்து வீட்டுக் காளியம்மாள்தான் பள்ளிக்கூடத்து வாசலில் நின்று சொன்னாள்.

"பொன்னுத்தாயோட அப்பன் முருகையன் பொண்டாட்டி புள்ளையோட மொத பஸ்ஸுக்குக் கெளம்பிட்டான் டீச்சர். எங்கயோ மலங்காடாம், யாருக்கும் சொந்தமில்லாத நெலமாம். டீச்சரே சொன்னாங்கன்னு பாப்பா சொல்லிச்சாம். கோடாலி, மம்பட்டியெல்லாம் கட்டி எடுத்துக்கிட்டான். மரத்த வெட்டிட்டு நெல்லுப் போடப்போறானாம்."

காட்டைக் காப்பாற்றச் சொல்லிக்கொடுக்கப் போய், வெட்டுவதற்கு ஆள் அனுப்பியிருக்கிறேன்! அதைவிட மோசம், அன்றைக்குப் பதினோரு மணிக்கு அவர்கள் தெருவுக்குத் தாசில்தார் வருகிறார். குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே என்று சென்னையில் சட்டம் போட்டிருந்தார்கள். விசாரணைக்கு வரும்போது வீட்டில் ஆள் இருந்தால் பட்டா. இல்லாவிட்டால் மனை, அந்த நிலத்துக்குச் சொந்தக்காரரான பண்ணைக்கே போகும். முருகையனுக்கு அந்தச் சட்டத்தில் நம்பிக்கை இல்லை. இரண்டு தடவை எழுதிக்கொண்டு போனார்கள், ஒன்றும் வரவில்லை. ஆனால் இருந்த கொஞ்ச நஞ்சத்தையும் விட்டுவிட்டுப் போக வைத்தது என் வாய்தான்.

பஸ் ரோட்டுக்கு ஓடினேன். பஸ் போய் மூன்று மணி நேரமாகியிருந்தது. வேறு வழி தெரியாமல் முருகையன் வீட்டு வாசலில் போய் நின்றேன். தட்டி சாத்திக் கட்டியிருந்தது.

தாசில்தார் ஜீப்பில் வந்தார். கூடவே பண்ணைக் காரியக்காரர் சிங்காரவேலு. அவர் முகத்தில் என்ன ஒரு மலர்ச்சி!

"இந்த வீட்டுல ஆள் இல்லைங்க சார். காலி பண்ணிட்டுப் போயிட்டான்."

"காலி பண்ணல சார்," என்றேன். "அவங்க பொண்ணு எங்கிட்ட படிக்குது. ஊருக்குப் போயிருக்காங்க."

"எந்த ஊருக்கும்மா?"

நான் தெருக்கோடியைப் பார்த்தேன். தாசில்தார் அடுத்த வீட்டுக்குப் போகக் காகிதத்தைப் புரட்டினார். அப்போதுதான் வாய்க்கால் கரையில் ஒரு மூட்டை தெரிந்தது. மூட்டைக்குக் கீழே முருகையன். பின்னால் அவர் மனைவி ரெங்கம்மாள். முன்னால் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி ஓடி வந்தாள் பொன்னுத்தாய். நான் அங்கேயே வேலி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"இருக்கோம் சார், இருக்கோம்!" என்று மூச்சு வாங்கினார் முருகையன். மூட்டையை இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கொஞ்ச தூரம் போனதுமே எறங்கி நடந்தே வந்தோம் டீச்சரம்மா. பொழுது விடிஞ்சிருச்சேன்னு பஸ்ஸுல பாப்பா நூல எடுத்துட்டு அடுத்த பக்கத்தப் பிரிச்சா. மரப்பொந்துல ஒரு பொட்டப் பறவ முட்டையோட உள்ளயே அடஞ்சு கெடக்கு. ஆம்பளப் பறவ எர கொண்டாந்து ஊட்டுது. கீழ ஒருத்தன் கோடாலியோட நிக்கிறான்." அவர் குரல் இறங்கியது. "'அப்பா, இது நீங்களா?'ன்னு கேட்டுட்டா."

மூட்டையிலிருந்து துருத்திக்கொண்டிருந்த கோடாலியைத் துணிக்குள் தள்ளினார் முருகையன்.

"கூலிச் சண்ட நடந்த வருஷம் பண்ணை ஆளுங்க எங்க வீட்டப் பிரிச்சாங்க. அப்ப இவ அம்மா நெறமாசம், உள்ளதான் படுத்திருந்தா. வாசல்ல கோடாலியோட நின்ன ஆள் மூஞ்சி எனக்கு இன்னிக்கும் மறக்கல. அந்த மூஞ்சி எனக்கு வேணாம் டீச்சரம்மா. யாருக்கும் சொந்தமில்லன்னு சொன்னீங்களே, அங்கதான் ஒரு குடும்பம் இருக்கே!"

சிங்காரவேலு வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பார்க்க ஒன்றும் இல்லை, வெறும் தண்ணீர்.

தாசில்தார் பேனாவைத் திறந்தார். பேர், அப்பா பேர், எத்தனை வருஷமாகக் குடியிருக்கிறீர்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். முருகையன் பெருவிரலை மையில் ஒற்றி வைத்ததும் ரெங்கம்மாள் தட்டியின் கட்டை அவிழ்த்தாள். நான் வெட்கமில்லாமல் அழுதேன். அழுகை நின்றபோது பசித்தது. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் வகுப்பில் நூல் வைத்ததற்கு அடுத்த பக்கத்தையே முதலில் விரித்தேன். இந்தத் தடவை நானே கேட்டேன்.

"இது யாரு எடம்?"

"அந்தப் பறவையோடது டீச்சர்!" என்று வகுப்பே கத்தியது.

பொன்னுத்தாய் மட்டும் கத்தவில்லை. கோடாலிக்காரன் படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அங்க தாசில்தார் எப்ப டீச்சர் வருவாரு?"