கீழே கேட்காத ஜெபம்

நெஞ்சு வரை மண்ணுக்குள் நின்றபடி அண்ணாந்து பார்க்கிறான் மாசிலாமணி, இரண்டு பலகைகளுக்கு நடுவே தெரிகிற வானம் கிழிந்த இலைத்துண்டு அளவுக்குத்தான் இருக்கிறது, அதில் ஒரு பருந்து வந்து போகிறது, வந்து போகிறது, அல்லது அது பருந்தே இல்லை, கண்ணில் விழுந்த செம்மண் தூசிதான் அப்படிச் சுற்றுகிறது, சற்று முன்பு வரை இந்தப் புதுக் கிணற்றின் அடியில் குனிந்து வாளியில் மண் அள்ளிக்கொண்டிருந்தவன்தான், தேரிக்காட்டு மண் பெருமூச்சு விடுகிற மாதிரி சரிந்து இறங்கியதும், சாரப் பலகைகள் தலைக்கு மேல் குறுக்காக விழுந்து சிக்கிக்கொண்டதும், அதனால் தலை தப்பியதும், எல்லாம் வேறு யாருக்கோ நடந்து ஊரில் பேசிக்கொண்டது போல இருக்கிறது. கூப்பிட வாயைத் திறக்கிறான், வாய் நிறைய மண், வெறும் காற்றுதான் வருகிறது.

மேலே பேசுவது மட்டும் பக்கத்தில் நின்று பேசுவது போலக் கேட்கிறது, அதிர்ந்தால் இன்னும் சரியும் என்று கிரேன் இன்ஜினை நிறுத்திவிட்டார்கள், கிணறு வெட்டச் சொன்ன தோட்டக்காரர் சொல்கிறார், பலகைக்குக் கீழ ஒரு அசைவையும் காணோம், இனி ஆள எறக்கி இன்னொரு உசுரையும் விடணுமா, ஜேசிபியக் கூப்பிட்டு ஓரத்தத் தோண்டி எடுத்துருவோம். எடுப்பது என்றால் உடம்பை, மாசிலாமணிக்குப் புரிகிறது, அந்த வண்டி வந்து கரையில் நின்றாலே போதும், பலகை தாங்காது, உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு சத்தம் மேலே போய்ச் சேர வேண்டும், அதற்கு முன்னால் சேர வேண்டும்.

ஆண்டவரே, என்னை, என்று மனசுக்குள் தொடங்குகிறான், அதற்கு மேல் ஓடவில்லை, என்னை என்று தொடங்கி அவன் ஜெபித்ததே கிடையாது, கிணறு வெட்டுகிற அவர்கள் செட்டில் அப்படி ஒரு ஒழுங்கு, இறங்குகிறவன் தனக்கென்று கேட்கக் கூடாது, மேலே கிரேனைப் பிடித்து நிற்கிறவன்தான் அவனுக்காகக் கேட்க வேண்டும், அதையும் இன்ஜின் சத்தம் எழும்பிய பிறகு, கீழே போனவன் காதில் விழாதபடி கேட்க வேண்டும், ஏன் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள், காதில் விழுந்தால் தைரியம் ஏறிப்போய் கவனம் போய்விடும் என்பான் ஒருவன், அவம் கேக்க ஜெபிச்சா அது அவங்கிட்ட பேசுதது, ஆண்டவர்ட்ட இல்ல, என்பான் வேதமுத்து.

வேதமுத்து, ஒரு நாள் இவன் கீழே என்றால் மறுநாள் அவன் கீழே, இப்படியே தலை நரைத்துவிட்டது, ஆனால் சில மாதம் முன்பு நடந்த கோயில் அசன விருந்தில் அவன் கறி அண்டா பக்கம் கரண்டியோடு நிற்கிறான், இதோ, அந்த விறகுப் புகை இங்கேயே அடிக்கிறது, மாசிலாமணி பந்தியில் உட்கார்ந்திருக்கிறான், இலையில் எலும்பாகவே விழுகிறது, என்ன மச்சான், ஆட்ட நீரு தின்னுட்டு எலும்ப எனக்கு வச்சீரா என்கிறான் விளையாட்டாக, பந்தி முழுக்கச் சிரிக்கிறது, வேதமுத்து சிரிக்கவில்லை, ஓசிச் சோத்துல நொட்டை சொல்லாதவே என்று அடுத்த இலைக்குப் போய்விடுகிறான், மாசிலாமணி பாதிச் சோற்றில் இலையை மூடிவிட்டு எழுந்திருக்கிறான், அன்றோடு பேச்சு நின்றது, அதன் பிறகு இருவருக்கும் நடுவே கயிறுதான் பேசியது, இழுத்தால் வாளி மேலே போகும், விட்டால் கீழே வரும்.

மாசிலாமணியின் மனைவி புஷ்பம் கேட்கிறாள், சுள்ளியை ஒடித்து அடுப்பில் செருகிக்கொண்டே, அந்த மனுசன் கையில உசுரக் குடுத்துட்டு எறங்குதீரு, ஒரு வார்த்த பேசுனா என்ன. கயித்தப் பிடிப்பாம்ட்டி, ஜெபிக்க மாட்டாம், என்கிறான் இவன், அப்படித்தான் நம்பியிருந்தான், இத்தனை மாதமும் போர்வை இல்லாமல் பனியில் போகிறவனைப் போலத்தான் வாளியில் ஏறி இறங்கியிருக்கிறான், தான் மேலே நிற்கிற நாளில் தன் பங்கை இவன் விட்டதில்லை, பெயரைச் சொல்லத்தான் வாய் வராது, கீழ போயிருக்க அந்த ஆளப் பாத்துக்கிடும் என்பான், எந்த ஆள் என்று ஆண்டவருக்குத் தெரியாதா.

மேலே பேச்சு அடங்குகிறது, ஜேசிபிக்குப் போன் போட்டாயிற்று போல, கரையோரம் யாரோ முழங்கால் போடுகிற சத்தம், கொஞ்சம் மண் உதிர்ந்து நெற்றியில் விழுகிறது, பிறகு வேதமுத்தின் குரல். ஆண்டவரே, எப்பவும் கேக்கதையேதான் இன்னைக்கும் கேக்கேன், மாசிலாமணிய மேல கொண்டாந்துரும், மழ வந்தா அவனுக்கு முட்டு மடங்காது, வாளில ஏறும்போது பல்லக் கடிச்சிக்கிட்டு ஏறுவான், அந்த முட்டையும் பாத்துக்கிடும், எங்கூட பேசாண்டாம், பெஞ்சாதிகூட உக்காந்து சோறு திங்கட்டும், முந்தாநாள் குடுத்தீரே, அதுக்கு முந்தியும் குடுத்தீரே, இன்னைக்கு மட்டும் கைய ஏன் இழுத்துக்கிட்டீரு.

முட்டு வலியை இவன் புஷ்பத்திடம்கூடச் சொன்னதில்லை. மழை பெய்தது தெரியாமல் தூங்கி எழுந்தவன் நனைந்த முற்றத்தைப் பார்த்து நிற்பது போல நிற்கிறான் மண்ணுக்குள், எத்தனை காலைகள், கடப்பாரை போட்டுக்கொண்டும் பீடி கேட்டு மனசுக்குள் முனகிக்கொண்டும் அந்த மனுஷனைத் திட்டிக்கொண்டும் இவன் கீழே நின்ற ஒவ்வொரு காலையிலும், இன்ஜின் இரைச்சலுக்குப் பின்னால் இவன் பெயர் மேலே போய்க்கொண்டே இருந்திருக்கிறது, காதில் எதுவும் விழாத இவனுக்காக, கைம்மாறு ஒன்றும் வராத இடத்தில் நின்று, ஒரு மனுஷன் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான், நெஞ்சை நெருக்குகிற மண்ணைவிட அதுதான் பெரிதாக இருக்கிறது, அசனப் புகையா, கண்ணீரா, கண் எரிகிறது.

இயேசுவின் நாமத்துல கேக்கேன் பிதாவே, என்று மேலே முடிகிறது, முடிந்த இடத்தில் பிள்ளைப் பிராயத்திலிருந்து நாக்கு போகிற வழக்கமான வழியில் நாக்கு போகிறது, தொண்டை இருமுகிறது, மண்ணும் எச்சிலுமாகத் துப்பிக்கொண்டு வருகிறது, ஆமென்.

மேலே தோட்டக்காரர் யாருல ஆமென் சொன்னது என்கிறார், நாங்க சொல்லலியே அண்ணாச்சி என்கிறது ஒரு குரல், வேதமுத்து மட்டும் தணிந்து சொல்கிறான், அவந்தான். ஜேசிபிய ரோட்டுலயே நிறுத்தச் சொல்லும், கயித்த என் இடுப்புல கட்டுங்க. நீரும் மாட்டிக்கிடுவீருவே என்கிறார்கள், அவன் பதில் சொல்வது அவர்களுக்கு இல்லை, பலகை இடுக்கு வழியே நேராக இறங்கி வருகிறது, மாப்ள, அசையாத, வாரேன்.

ஒரு பாதம் தெரிகிறது, பிறகு இன்னொன்று, பலகைகளுக்கு நடுவே இருந்த வானம் ஓரத்திலிருந்து குறைந்துகொண்டே வந்து முழுக்க ஒரு மனிதனாகிவிடுகிறது, இருட்டுகிறது, இருட்டில் மண் பொலபொலவென்று உதிர்கிறது, மேலே கயிறு பிடித்திருக்கிற தோட்டத்து ஆட்களுக்குச் செட்டு ஒழுங்கு எதுவும் தெரியாது, இறங்குகிறவனுக்காகக் கேட்க அங்கே யாரும் இல்லை, ஆண்டவரே, வேதமுத்த, என்று தொடங்குகிறான் மாசிலாமணி, இறங்குகிறவன் காதில் விழும்படி.